மூச்சுக்கு வாங்கிய பேட்டரி

இதை வாசிக்கும் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்பு சொல்ல வேண்டாம். பேச்சுப் போட்டிகளில் நடுவர் நாற்காலிக்கு எதிரே நின்றே வளர்ந்தவன் நான். அந்த நாற்காலி என் பக்கம் சாயாமல் போனது அரிது. நீங்கள் கேட்டவராக மட்டும் இருங்கள். ஒரு செய்தியை இன்னாரிடம் சொல்லாதே என்று என் தந்தை எனக்குச் சொல்லியிருந்தார். அவர் இறந்த பின், அதே மனிதர்கள் கூடியிருந்த இடத்தில், ஒலிவாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் அதைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதை முழுதாகக் கேட்டவர் ஒருவராவது இருக்கட்டும்.

என் தந்தை டிரெய்லர் ஓட்டினார். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் நீண்ட வண்டி. ஓட்டினார் என்று சொல்வதைவிட, நின்றார் என்று சொல்வது உண்மைக்கு நெருக்கமானது. எங்கள் வீடு திருவொற்றியூரில். அங்கிருந்து கிழக்கே நடந்தால் எண்ணூர் விரைவுச் சாலை. ஒரு பக்கம் கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள், மறுபக்கம் துறைமுக வாயிலை நோக்கி நகராமல் நிற்கும் டிரெய்லர்கள். காலையில் போய் வரிசையில் நின்றவர் மறுநாள் மாலையில் உள்ளே நுழைவதும் உண்டு. அந்த வரிசையிலேயே சமைத்தார்கள், துவைத்தார்கள், சண்டை போட்டார்கள், சமாதானம் ஆனார்கள். டீசலை மிச்சம் பிடிக்க எல்லா இன்ஜின்களும் அணைந்திருக்கும். வரிசை நகர்ந்தால் மட்டும் ஒரே சமயத்தில் அத்தனையும் உறுமும். அப்போது உறுமாத வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் இருப்பவர்கள் முன்னேறிவிடுவார்கள். ஒரு நாள் முழுக்க நின்று பெற்ற இடம் ஒரு நிமிடத்தில் போய்விடும்.

விடுமுறை நாட்களில் அம்மா கட்டித் தரும் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு நான் அங்கே போவேன். போட்டிக்குத் தயாரித்த பேச்சுகளை அப்பாவின் வண்டிப் படிக்கட்டில் ஏறி நின்று பேசிப் பார்ப்பேன். காற்றும் லாரி இரைச்சலும் மோதும் அந்த இடத்தில் கேட்கும்படி பேசிவிட்டால் எந்த அரங்கிலும் பேசிவிடலாம். ஓட்டுநர்கள் பீடியைக் கையில் மறைத்துக்கொண்டு கேட்பார்கள். கொருக்குப்பேட்டைக்காரர் ஒருவர், அப்பாவுக்கு இளமை முதல் தோழர், ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் ஒன்றே சொல்வார்: “நல்லாதான் கீது. இன்னா சொன்னேன்னுதான் பிரியல.” எல்லோரும் சிரிப்பார்கள். அப்பா சிரிக்க முயன்று இருமுவார்.

அந்த இருமலில் இருந்துதான் பேட்டரி வந்தது.

அப்பாவின் நுரையீரல் குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கிவிட்டன என்றார் மருத்துவர். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் மருந்து உறிஞ்சி போதாத நேரம் வரும், அப்போது மருந்தைப் புகையாக்கி முகமூடி வழியே செலுத்தும் நெபுலைசர் இயந்திரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும், முடிந்தால் தூசும் புகையும் உள்ள அந்தச் சாலையை விட்டே விலக வேண்டும் என்றார். திருவொற்றியூரில் எங்கள் வீடு இருக்கும் தெருவில் வீசுவது வேறு காற்றா என்று அப்பா மரியாதையாகவே கேட்டார். மருத்துவர் மருந்துச் சீட்டை எழுதினார்.

இயந்திரம் ஓட மின்சாரம் வேண்டும். அணைந்து நிற்கும் வண்டியில் மின்சாரம் எங்கிருந்து வரும்? வண்டியின் சொந்த பேட்டரிகள் இரண்டும் சட்டத்தோடு முடுக்கப்பட்டவை. அவற்றில் இழுத்தால் வண்டி எழுந்திருக்காது. தனியாக ஒரு பேட்டரி வாங்கி, அதோடு சிறிய இன்வெர்ட்டரை இணைப்பது என்று முடிவானது. வண்டி ஓடும்போது அதை நிரப்ப நடுவில் ஒரு சார்ஜ் பெட்டி, இருப்பைக் காட்ட முள் வைத்த ஒரு மீட்டர். தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு தலைப்பைக் கொடுத்தால் அதன் இரு பக்கத்தையும் கரைத்துக் குடிக்காமல் மேடையேறும் பழக்கம் எனக்கு இல்லை.

அப்படி நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்தது இதில்தான் அடங்கியிருக்கிறது. பேட்டரிகளில் இரு குலம் உண்டு. வண்டியை எழுப்பும் பேட்டரி ஓட்டப்பந்தயக்காரன் மாதிரி. உள்ளே மெல்லிய தகடுகள் நிறைய. ஒரே மூச்சில் அத்தனை பலத்தையும் கொட்டும், உடனே ஓடும் இன்ஜின் அதை நிரப்பிவிடும். அதை மெல்ல மெல்லக் காலியாக்கினால் சில தடவையிலேயே செத்துவிடும். மற்றது ஆழ இறங்கி ஆழ ஏறும் பேட்டரி. கடையில் டீப் சைக்கிள் என்பார்கள், வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் டியூபுலரும் அதே வகைதான். தடித்த தகடுகள். மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும். பாரம் சுமப்பவனை ஓடச் சொல்லக் கூடாது. இதைக் கொண்டு வண்டியை எழுப்பினால், அந்த ஒற்றை உதறலில் உள்ளே இருக்கும் பொருள் தகட்டிலிருந்து உதிரத் தொடங்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

தண்டையார்பேட்டைக் கடையில் நான் கேட்டது மூடி முத்திரையிட்ட வகை. ஆவி வெளிவராது, கேபினுக்குள் இருக்கையின் பின்னாலேயே வைத்துக்கொள்ளலாம். விலையைக் கேட்டதும் அப்பா கடையை விட்டு வெளியே போய் நின்றார். தண்ணீர் ஊற்றும் வகையை வாங்கினோம். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து வரும் ஆவி மூச்சுத் திணறல்காரருக்கு ஆகாது. எனவே கேபினுக்கு வெளியே, பின்புறச் சட்டத்தின் மேல், காற்றோட்டத்துக்குத் துளையிட்ட மரப்பெட்டி ஒன்று செய்து அதில் இறக்கினோம். தூக்க வசதியாகப் பேட்டரிக்குக் கயிற்றுப் பிடி. பெட்டியின் மூடியில் சிவப்பு வண்ணத்தில் நானே எழுதினேன்: ஸ்டார்ட்டுக்கு அல்ல.

பராமரிப்பு என் கையில் இருந்தது. பாதிக்குக் கீழே இறங்க விடக் கூடாது. இறங்கியதை அன்றே முழுதாக ஏற்ற வேண்டும். அரைகுறையாக நிற்க விட்டால் தகட்டில் உப்புப் படிந்து இறுகிவிடும். பேட்டரித் தண்ணீரை சார்ஜ் ஏறிய பிறகுதான் ஊற்ற வேண்டும், முன்னால் ஊற்றினால் கொதித்து வழியும். கடலோரக் காற்றில் டெர்மினல்கள் ஒரு வாரத்தில் பச்சை பூக்கும். வெந்நீரில் சோடா உப்பு கரைத்துத் துலக்கி, துடைத்து, கிரீஸ் தடவுவேன். ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீரே போதும் என்று சொன்ன ஓட்டுநர்களிடம் வாதாடி வென்றிருக்கிறேன்.

பேட்டரியை உள்ளே வைத்திருந்தால் அது எங்களுடையதாக இருந்திருக்கும். வெளியே வைத்தோம், வரிசைக்கு உரியதாகிவிட்டது.

முதலில் கேட்டவர் கொருக்குப்பேட்டைக்காரர்தான். நான் அன்று அங்கே இருந்தேன். வரிசை அசைந்துவிட்டது. அவர் வண்டியில் சாவியைத் திருப்பினால் டிக் என்ற சத்தம் மட்டும். இரண்டு பேட்டரிகளில் ஒன்று படுத்துவிட்டது. வழக்கமாக அடுத்த வண்டியை ஒட்டி நிறுத்தி வயர் போடுவார்கள். அதற்கு இடமும் வேண்டும், நேரமும் வேண்டும். இங்கோ கயிற்றுப் பிடியோடு ஒரு பேட்டரி தயாராக உட்கார்ந்திருந்தது.

“மாமு, பொட்டிய கொஞ்சம் குடேன். ஒரே ஒரு அடி. ஸ்டார்ட் ஆனா போதும்.”

நான் மூடியில் எழுதியிருந்ததைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவும் பார்க்கவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். வண்டி எழுந்தது. அதன் பிறகு அது வழக்கமாயிற்று. பெட்டி இருக்கும் வண்டி எது என்று எண்ணூர் முனை வரைக்கும் தெரிந்திருந்தது. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து ஓட்டிய இளைஞர் ஒருவர் அப்பாவை ‘பேட்டரி அண்ணன்’ என்றே கூப்பிட்டார். எடுத்துப் போனதைத் திரும்பவும் அதே இடத்தில் வைத்து, மூடியைத் துடைத்துவிட்டும் போவார்கள். நாணயமானவர்கள். எடுத்துப் போனது என்ன என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

எதிரணியின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் அதை உடைக்க வேண்டும் என்பது எனக்குக் கற்பிக்கப்பட்ட முறை. ஆகவே அப்பாவின் வாதத்தைச் சொல்கிறேன். பல மாதங்கள் நானும் அவரும் அதைப் பேசினோம். வரிசையில் ஒருவன் நின்றுபோனால் அவனுக்கு ஸ்டார்ட் கொடுப்பது உதவியே இல்லை, அது நடைமுறை என்பார் அவர். நேற்று அவருக்கு யாரோ கொடுத்தார்கள். கொடுக்காதவன் என்று பெயர் வாங்கியவனுக்கு டயர் வெடித்தாலும் யாரும் இறங்கமாட்டார்கள். அந்தச் சாலையில் காவலும் இல்லை, கழிப்பறையும் இல்லை, நிழலும் இல்லை. இருப்பது இந்த ஒன்று. சரி, கொடுப்பதற்கென்று ஸ்டார்ட் பேட்டரி ஒன்றைத் தனியாக வாங்கி வைப்போம், இதை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். நான் வெல்லப்போகிறேன் என்று எண்ணிய இடம் அது.

“ரெண்டு இருந்தா ரெண்டையும் கேப்பானுங்கடா” என்றார். “கேட்டா எனக்கு இல்லன்னு வாய் வராது.”

அப்படியானால் நான் அவர்களிடம் சொல்கிறேன், பேட்டரி இதனால் சாகிறது என்று விளக்கினால் புரிந்துகொள்வார்கள் என்றேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது.

“சொல்லாத. நீ பேசுனா எடுபடும், அதான் பயம். நாளைக்கு எவனும் எவனையும் கேக்கமாட்டான், எவனும் குடுக்கவும் மாட்டான். எனக்காவ அது வாணாம்.”

மேடைகளில் அரிதாகவே தோற்ற நான் அந்தக் கேபினில் ஒவ்வொரு முறையும் தோற்றேன். அவரிடம் என்னைவிட நல்ல வாதம் ஒன்றும் இல்லை. வாதம் முடிந்த பிறகும் அசையாமல் இருந்துவிடும் வித்தை இருந்தது.

பேட்டரி உள்ளே தேய்ந்துகொண்டிருந்ததற்கு அடையாளங்கள் இருந்தன. அதன் அறைகளில் ஒன்று மற்றவற்றைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தது. அமிலத்தின் அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாயில் மிதவை அந்த அறையில் மட்டும் தாழ்ந்தே நின்றது. முன்பெல்லாம் நாள் முழுக்க கேபினில் மாட்டிய சிறு விசிறியும் ஓடி, இயந்திரமும் பலமுறை ஓடும். இப்போது மாலைக்குள் இன்வெர்ட்டர் கீச்சிட்டது. மாற்றிவிடலாம் என்றேன். மழை முடியட்டும் என்றார். கொடுமை என்னவென்றால் மீட்டர் முள் மட்டும் காலையில் முழுதாக நின்றது. சுமை ஏதும் ஏறாதவரை செத்துக்கொண்டிருக்கும் பேட்டரியும் நிறைவாகவே காட்டும். அப்பா நம்பியது அந்த முள்ளை.

அது ஒரு பிற்பகல். நிலக்கரித் தூசும் உப்புக் காற்றும் கலந்து வீசிய நாள். நான் படிக்கட்டில் நின்று ஒரு முன்னுரையைப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே அப்பாவின் மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது. உறிஞ்சியை இரண்டு முறை அழுத்தினார். இழுக்க வலுவில்லாமல் மருந்து உதட்டிலேயே நின்றது. நான் இயந்திரத்தில் மருந்தை ஊற்றி, முகமூடியைப் பொருத்தி, சுவிட்சைப் போட்டேன். மீட்டர் முழுதாகக் காட்டியது. இயந்திரம் உறுமியது, வெண்புகை வந்தது, அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு உறுமல் இழுபட்டுத் தாழ்ந்தது. இன்வெர்ட்டர் நீளமாகக் கீச்சிட்டு அணைந்தது. முள் அடியில் கிடந்தது.

வண்டியை எழுப்பி அந்த மின்சாரத்தில் ஓட்டலாம் என்று சாவியைத் திருப்பினேன். எழுந்தது. ஆனால் அந்த வண்டியின் மின் அழுத்தம் வேறு, எங்கள் இன்வெர்ட்டரின் அழுத்தம் வேறு. நடுவில் இருந்த சார்ஜ் பெட்டி வழியே வந்தது செத்த பேட்டரிக்குள் போய் மறைந்தது. என் வாழ்வில் ஒரே ஒரு தடவை, வாக்கியமாக அமைக்காமல் கத்தினேன்.

ஓடி வந்தார்கள். பேட்டரி போய்விட்டது என்று கேட்ட கணத்தில் கொருக்குப்பேட்டைக்காரர் தன் வண்டிக்குத் திரும்பி ஓடினார். ராமநாதபுரத்து இளைஞரும் ஓடினார். தங்கள் வண்டியிலிருந்தே பேட்டரியைக் கழற்றத் தொடங்கினார்கள். எங்கள் வண்டியிலும் சரி, அவர்கள் வண்டியிலும் சரி, கடற்காற்றில் துருப்பிடித்த நட்டுகள் சுற்ற மறுத்தன. ஸ்பானர் வழுக்கி இளைஞரின் கைவிரல் கிழிந்தது. ஒருவர் ஆம்புலன்சை அழைத்தார்; அது சாலை முனை வரை வந்து, டிரெய்லர்களுக்கு நடுவே நுழைய வழியில்லாமல் அலறிக்கொண்டு நின்றது. அதே நேரத்தில் முன்னால் வரிசை நகர்ந்தது. பேட்டரி கழற்றிய வண்டிகளால் அசைய முடியாது. பின்னால் காரணம் தெரியாதவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

ஒரு பேட்டரி வந்தது. இணைத்தேன். இயந்திரம் முழுக் குரலில் உறுமியது, புகை தாராளமாக வந்தது. அப்பாவின் உதடுகள் அதற்குள் நீலமாகியிருந்தன. புகை முகமூடிக்குள் சுழன்றுகொண்டே இருந்தது. உள்ளே இழுக்கத்தான் யாரும் இல்லை. அவரைத் தூக்கிக்கொண்டு வண்டிகளுக்கு இடையே ஆம்புலன்சை நோக்கி ஓடினோம். மருத்துவமனை வாயிலில் இறக்கும்போதே அங்கிருந்த ஊழியர்கள் அவசரப்படவில்லை. அதிலிருந்து புரிந்துகொண்டேன்.

அந்தப் பேட்டரியைப் பிறகு நானே சோதித்தேன். முழு சார்ஜ் ஏற்றி ஒரு விளக்கை மாட்டினால் சற்று நேரத்தில் மங்கியது. அடியில் கறுப்புச் சேறாக உதிரல் படிந்திருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு ஒவ்வொரு அடியும் நினைவுக்கு வந்தது. யார் யார் கயிற்றைப் பிடித்தார்கள், யார் சிரித்தார்கள் என்பதும். குற்றப்பத்திரிகை தானாக எழுந்தது. தோற்றுவாய், அடுக்கு, உச்சம், எல்லாம். அம்மாவிடம் பேசிக் காட்டினேன். கேட்டுவிட்டு அம்மா, “அவனுங்கதான்டா உங்க நைனாவத் தூக்கினு ஓடுனானுங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

காரியம் முடிந்த பிறகு ஓட்டுநர்கள் சாலையோரத்திலேயே ஓர் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அப்பாவின் வண்டி முகப்பில் அவர் படம், மாலை. வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கி. கொருக்குப்பேட்டைக்காரர் முதலில் பேசினார், அழுதார். பிறகு ராமநாதபுரத்து இளைஞர், விரலில் இன்னும் கட்டோடு.

“அண்ணன் யாருக்கும் இல்லன்னு சொன்னதில்ல. கடைசியா ஸ்டார்ட் குடுத்தது எனக்குத்தான். அந்தப் பேட்டரிய நாங்க விடமாட்டோம். ரெடி பண்ணி, அண்ணன் பேரு எழுதி, இந்த ரோட்டு டீக்கடையில வைக்கிறோம். யாருக்கு வண்டி எழும்பலன்னாலும் எடுத்துக்கிடலாம்.”

கைதட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டுவது முறையல்ல என்று ஒருவர் சொல்ல, அடங்கியது. ஒலிவாங்கி என் கைக்கு வந்தது.

என் முன்னால் இரண்டு பேச்சுகள் இருந்தன. ஒன்று நான் எழுதிவைத்த குற்றப்பத்திரிகை. மற்றது அப்பா கேட்டுக்கொண்ட மௌனம்: நன்றி சொல்லி, நாலு நல்ல வார்த்தை சொல்லி, அந்தச் செத்த பேட்டரிக்கு அவர் பெயரை எழுத விட்டுவிடுவது. முன்வரிசையில் நின்றவர்களைப் பார்த்தேன். ஒருவர் பையில் உறிஞ்சி துருத்திக்கொண்டிருந்தது. இன்னொருவர் பேச்சுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்து இருமினார். இவர்களும் ஒரு நாள் இயந்திரம் வைப்பார்கள். அதற்குப் பேட்டரி வாங்குவார்கள். வெளியே வைப்பார்கள். எவனோ வந்து ஒரே ஒரு அடி கேட்பான்.

சொல்லிவிட்டேன். மேடைத் தமிழில் தொடங்கினேன். இரண்டாம் வாக்கியத்திலேயே அது என்னை விட்டுப் போய்விட்டது. அந்தப் பேட்டரி வண்டியை எழுப்ப வாங்கியது அல்ல, அப்பாவின் மூச்சுக்கு வாங்கியது, ஒவ்வொரு ஸ்டார்ட்டும் அதை உள்ளே உடைத்தது, அப்பாவுக்கு அது தெரியும், தெரிந்தேதான் கொடுத்தார் என்றேன். யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. இளைஞர் தன் கட்டுப்போட்ட விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொருக்குப்பேட்டைக்காரர் கடற்பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை அமைதியான அரங்கை நான் கண்டதில்லை. இப்படி ஓர் அமைதியை வாங்கித்தந்த பேச்சை இனி நான் பேச விரும்பவும் மாட்டேன்.

அப்பா பயந்தது நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்க்காமல் நின்றார்கள். அந்தச் சாலையில் இருந்த ஒரே ஒரு நல்ல வழக்கத்தை என் நாக்கு அப்போது அறுத்துக்கொண்டிருந்தது. இளைஞர் மெதுவாக, “அப்ப இனிமே யாருகிட்டயும் கேக்கக் கூடாதாண்ணே?” என்றார். என்னைவிட வயதில் மூத்தவர் என்னை அண்ணே என்றார்.

ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டேன். அது இல்லாமலே அவர்களுக்குக் கேட்டது.

“கேளுங்க. டீக்கடையில ரெண்டு பேட்டரி வெப்பேன். ஒண்ணு ஸ்டார்ட்டுக்கு, எவன் வேணா எடுத்துக்கலாம். இன்னொண்ணு மூச்சுக்கு. ரெண்டுக்கும் தண்ணி ஊத்துறது, சார்ஜ் போடுறது, தொடைக்கிறது எல்லாம் என் பொறுப்பு, வாராவாரம் வருவேன். மூச்சுக்கு வெச்சத வண்டிக்குக் கேட்டா தரமாட்டேன். திட்டுங்க, மூஞ்சில துப்புங்க, தரமாட்டேன். எங்க நைனாவுக்கு வராத வார்த்தைய இனிமே இங்க நான் சொல்றேன்: இல்ல.”